மெஷின் மேல் விழுந்த பழி

பார்வையில்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கும் புத்தகங்களை அச்சடிக்கும் கூடம் அது. அங்கே மை கிடையாது, மை வாசனையும் கிடையாது. மெஷினுக்குள் வரிசையாக நிற்கும் ஊசிகள் தடித்த தாளில் டொக் டொக்கென்று குத்தும். குத்திய இடமெல்லாம் மறுபக்கத்தில் புள்ளியாக எழும்பி நிற்கும். அந்தப் புள்ளிகள்தான் எழுத்து. மெஷினிலிருந்து வரும் தாளைத் தொட்டுப் படித்து, சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆளுக்குப் புள்ளியக்கா என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்ப மாட்டாள்.

புள்ளியக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அதனால் என்ன குறைந்துபோனது? அவள் விரல் பட்டு வெளியே போன புத்தகங்களை அடுக்கினால் அந்தக் கூடத்தின் கூரையை முட்டும். அவள் தப்பு என்று சொல்லி அது சரியாக இருந்ததாக அங்கே ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

வேலை நடக்கும் விதம் இதுதான். புள்ளியக்கா புள்ளித்தாளைத் தடவி உரக்கப் படிப்பாள். எதிரே அவள் நாத்தனார் சாதாரண அச்சுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒத்துப் பார்ப்பாள். நாத்தனார் என்றால் சொந்த நாத்தனார்தான், புருஷனின் தங்கை. அண்ணியும் நாத்தனாரும் எதிரெதிரே உட்கார்ந்து, நாளெல்லாம் ஒருத்தி சொல்வதில் இன்னொருத்தி குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் கொடுக்கிற இடம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது. இருவருக்கும் அந்த வேலை பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன?

அந்தக் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. காகிதத்துக்கு ஈரம் ஆகாது, எண்ணெய் அதைவிட ஆகாது. ஈரக்கை பட்டால் தாள் நமத்துப் புள்ளி அமுங்கிவிடும். எண்ணெய்க்கை பட்டால் கறை பிடித்துவிடும். அதனால் வாசலிலேயே கை கழுவும் தொட்டியும், அதன் பக்கத்தில் அடிப்பிடித்த பாத்திரத்தையே பளபளப்பாக்கிவிடும் காரமான ஒரு சோப்பும் வைத்திருந்தார்கள். டீ குடித்துவிட்டு வந்தால் கழுவு, கதவைத் தொட்டால் கழுவு, தும்மினால் கழுவு. மற்றவர்களெல்லாம் மேலாளர் பார்க்கும்போது மட்டும் கழுவுவார்கள். புள்ளியக்கா யாரும் பார்க்காதபோது இன்னும் அதிகமாகக் கழுவுவாள். சூடாகத் தண்ணீர் வந்தால் அவளுக்கு இன்னும் திருப்தி. கழுவிய கையைத் துண்டால் அழுத்தித் தேய்ப்பாள். தேய்த்த கையில் பவுடரைத் தட்டிக்கொள்வாள். அப்போதுதான் விரல் தாளில் வழுக்கிக்கொண்டு ஓடும் என்பது அவள் கணக்கு.

அந்த வருடம் காகிதத்தின் நன்மைக்காகக் கூடத்தில் ஏசி வேறு மாட்டினார்கள். வெளியே மழை ஓய்ந்து வறண்ட காற்று வீச, உள்ளே ஏசி தன் பங்குக்கு வீச, புள்ளியக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. “என் விரல் காகிதத்தை விடக் காய்ஞ்சிருக்கும்” என்று கண்டவர்களிடமெல்லாம் நீட்டிக் காட்டினாள். அது தொழில் சுத்தமாம். வீட்டில் கணவர் களிம்போ எண்ணெயோ எடுத்து நீட்டினால் கதவைச் சாத்திக்கொள்வாள். விரல் நுனி சொரசொரத்துப் போனதும், துணி மடிக்கும்போது நூல் விரலில் மாட்டியதும், மெல்லிய வெடிப்புகளில் சோப்புத் தண்ணீர் பட்டுச் சுரீரென்றதும் அவளுக்குத் தெரியாமலில்லை. உழைக்கிற கை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு தடித்த துப்பறியும் நாவல் அச்சுக்கு வந்தது. ஒரு பெரிய பங்களா, சாப்பாட்டு மேஜையில் ஒரு கொலை, சந்தேகப்படுவதற்கு ஏழெட்டுப் பேர். புள்ளியக்காவுக்கு இந்த மாதிரிக் கதை என்றால் உயிர். அச்சுப் புத்தகம் நாத்தனார் கையில் முழுசாக இருக்கிறது. அவள் நினைத்தால் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கொலைகாரனைப் பார்த்துவிடலாம். பார்க்கக் கூடாது என்று புள்ளியக்கா அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நாத்தனார் சத்தியம் செய்த கையாலேயே அன்றைக்கே புரட்டிப் பார்த்துவிட்டாள் என்பது தனிக்கதை.

நாவல் நாலாவது அத்தியாயம் வரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. அதற்கப்புறம் மெஷின் கெட்டுப்போனது. அதாவது, கெட்டுப்போனது என்று புள்ளியக்கா சொன்னாள். அவள் சொன்ன பிறகு அப்பீல் ஏது?

தண்ணீர் ஓடுவது போல் படிக்கிறவள் அன்றைக்கு வரிக்கு வரி நின்றாள். தடவிய இடத்தையே திரும்பத் தடவினாள். எந்தப் புள்ளியும் எழும்பவில்லை, எல்லாம் அமுங்கிக் கிடக்கிறது என்றாள். நாத்தனார் தாளை எட்டிப் பார்த்து, எல்லாப் புள்ளியும் இருக்கத்தானே செய்கிறது என்றாள்.

“இருக்கிறது வேற, எழும்பி நிக்கிறது வேற. கண்ணால பாக்கிறவங்களுக்கு அது தெரியாது” என்று புள்ளியக்கா ஒரே போடாகப் போட்டாள்.

மெஷினைப் பார்த்துக்கொள்கிறவனை எல்லாரும் ஸ்பானர் என்று கூப்பிடுவார்கள். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைக்கிற இடத்தில் அவன் ஸ்பானர் வைத்திருப்பான். மெஷினை யாராவது குறை சொன்னால், கட்டிய பெண்டாட்டியைக் குறை சொன்ன மாதிரி அவனுக்கு முகம் தொங்கிவிடும். ஆனாலும் சொன்னது புள்ளியக்காவாயிற்றே. ஊசி ஊசியாகக் கழற்றித் துடைத்து, இறுக்கி மாட்டினான். புதுத் தாள் வந்தது. அதையும் தடவிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். மறுபடி பிரித்தான், மறுபடி மாட்டினான். மூன்றாவது தடவை பிரிக்கும்போது சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. “எம்மேல என்ன கோவம்னு நேராவே சொல்லிடுங்க அக்கா” என்றான். அழாத குறை. மேலாளர் புது ஊசிகள் வரவழைக்க வேண்டியதுதான் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அதுவரை மெஷினை நிறுத்தி வைக்கலாமா என்ற பேச்சும் எழுந்தது.

அன்று மத்தியானம் எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். புள்ளியக்கா மட்டும் மேஜையில் இருந்தாள். அவள் மனதில் ஏதோ உறுத்தியது. மூன்று தடவை கழற்றி மாட்டிய மெஷின் ஒரு தடவையாவது சரியாக வராதா? விரலை மறுபடி ஓட்டினாள். மங்கலாக ஏதோ தட்டுப்பட்டது. கம்பளியின் மேலிருந்து தடவுவது போல் இருந்தது. சட்டென்று குனிந்து, தாளில் உதட்டை வைத்தாள்.

புள்ளிகள் குண்டு குண்டாக, அழகாக, ஒன்று விடாமல் எழும்பி நின்றன. உதட்டாலேயே ஒரு வரியை முழுசாகப் படித்துவிட்டாள். மெஷினில் ஒரு குறையும் இல்லை.

“என்ன அண்ணி, புத்தகத்துக்கு முத்தம் குடுக்கிறீங்க?”

நாத்தனார் வாசலில் நின்று கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் இன்னும் நாலு வார்த்தை கேலி பேசத்தான் வாயைத் திறந்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. புள்ளியக்கா பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு ஓர் அத்தை இருந்தாள். சர்க்கரை வியாதி முற்றிக் காலில் உணர்ச்சி போய், காலில் ஆணி ஏறியதுகூடத் தெரியாமல் நடந்தவள். அந்த அத்தையின் ஞாபகம்தான் புள்ளியக்காவுக்கு வந்தது. கெட்டுப்போனது மெஷின் இல்லை, விரல். அவள் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னாள். நாத்தனார் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, நேரே மேலாளரிடம் போய்ச் சொல்லி லீவு வாங்கி, மறுநாள் காலையில் அண்ணியைத் தோல் டாக்டர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. முதலில் சோதித்துக்கொண்டே இருந்தார். பஞ்சின் நுனியால் புறங்கையைத் தொட்டார், உள்ளங்கையைத் தொட்டார், விரலின் பக்கவாட்டைத் தொட்டார். எல்லாம் தெரிந்தது. விரல் நுனியைத் தொட்டபோது மட்டும் புள்ளியக்கா பேசாமல் இருந்தாள். தட்டினால் ரீங்காரமிடும் இரும்புக் கவை ஒன்றை அதே நுனியில் வைத்தார். அந்த அதிர்வு எலும்பு வரை தெரிந்தது. பிறகு கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கையை எப்படிப் பராமரிக்கிறீர்கள் என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது என்றால் புள்ளியக்காவுக்குக் கவலையே மறந்துவிடும். சோப்பின் காரத்தை, சுடுதண்ணீரை, துண்டால் தேய்ப்பதை, பவுடரை, ஏசியை எல்லாம் விஸ்தாரமாகச் சொன்னாள். எத்தனை தடவை கழுவுவீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு அவள் யோசித்தாள், நாத்தனார் யோசிக்கவில்லை. “கை சுத்தமாகணும்னு கழுவுறாங்களா, கையே காணாமப் போகணும்னு கழுவுறாங்களான்னு எனக்கே சந்தேகம் டாக்டர்” என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் புள்ளியக்காவின் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

“உங்க நரம்பு நல்லா இருக்கும்மா. தோல்தான் காஞ்சு, தடிச்சு, வெறைச்சுப் போச்சு. கையில உறையைப் போட்டுக்கிட்டுப் படிக்கிற மாதிரி இத்தனை நாளாப் படிச்சிட்டிருக்கீங்க.”

சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டாம் என்று சர்க்கரைக்கும் ரத்தம் கொடுக்கச் சொன்னார். அதிலும் பிறகு ஒன்றும் இல்லை என்றே வந்தது. தோலுக்குத் தனக்கென்று கொஞ்சம் எண்ணெய்ப் பசை உண்டு, உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான் என்று விளக்கினார். காரமான சோப்பு அந்தப் பசையை வழித்துக்கொண்டு போகிறது, சுடுதண்ணீர் இன்னும் கொஞ்சத்தை இழுக்கிறது, மிச்சம் மீதியைத் துண்டும் பவுடரும் ஏசியும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அப்புறம் தோல் பாவம் என்ன செய்யும்? தடித்துக்கொள்கிறது, வெடிக்கிறது. வெடித்த இடம் வலிக்கவும், நமக்கே தெரியாமல் விரலைப் பட்டும் படாமலும் வைக்க ஆரம்பித்துவிடுகிறோம். தடித்த தோலில் பட்டும் படாமலும் வைத்தால் எந்தப் புள்ளி தெரியும்?

புள்ளியக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நாத்தனார் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். “ஒண்ணுமில்லடி, காஞ்சு போயிருக்கு, அவ்வளவுதான். வெறும் வறட்சிதான்டி” என்று புள்ளியக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். கையைக் காயப்போட்டுக் காயப்போட்டுத் தானே தேடிக்கொண்ட வினை என்பதில் அவளுக்கு அந்த நிமிஷத்தில் இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

அந்தச் சந்தோஷத்தில் டாக்டர் சொன்ன சிகிச்சைக்கெல்லாம் தலையாட்டினாள். இனிமேல் வெதுவெதுப்பான தண்ணீர்தான், அதுவும் அழுக்கு இருந்தால் மட்டும்தான். வாசனை இல்லாத மென்மையான சோப்பு. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் களிம்பைப் பூசிவிட வேண்டும். காய்ந்த பிறகு பூசினால் பாதிப் பலன்கூடக் கிடையாது. படுக்கப் போகும்போது கெட்டியாகப் பூசிப் பருத்திக் கையுறை. பவுடர் குப்பைக்கு. பாத்திரம் தேய்ப்பது கணவருக்கு. வேலை நேரத்தில் பூசினால் களிம்பு உள்ளே இறங்கும் வரை பொறுத்திருந்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டுத் தாளைத் தொடலாம். இவ்வளவுக்கும் சரி என்றவள், வெடிப்பு ஆறுகிற வரைக்கும் படிக்கவே கூடாது என்றதும் நிமிர்ந்தாள். பங்களாவில் பிணம் கிடக்கிறது, கொலைகாரன் யாரென்று தெரியவில்லை, இந்த டாக்டருக்கு இரக்கமே கிடையாதா?

அவள் கணவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பேச ஆரம்பித்தால் பிரேக் பிடிக்காத மனிதர், அன்றைக்கு நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.

“கண்ணு இல்லாதது எனக்கு ஒரு நாளும் குறையாத் தெரிஞ்சதில்லைங்க” என்றாள் புள்ளியக்கா. “விரல் போயிருந்தா, அன்னைக்குத்தான் நான் குருடியாயிருப்பேன்.”

அவர் ரொம்ப நேரம் அவள் கையை விடவில்லை. பிறகு, அதனால்தான் இவ்வளவு நாளாகத் தன் தாடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார். தினமும் அவர் சவரம் செய்து முடித்ததும் அவள் தாடையில் விரலை ஓட்டி, இங்கே விட்டுவிட்டீர்கள், அங்கே விட்டுவிட்டீர்கள் என்று சொல்வது அந்த வீட்டு வழக்கம். கொஞ்ச நாளாக அவள் தடவிவிட்டுப் பேசாமல் போய்விட, தனக்குக் கை தேர்ந்துவிட்டது என்று அவர் நினைத்துவிட்டார். பணிமனையில் மற்ற டிரைவர்களுக்குச் சவரம் செய்யும் முறையைப் பற்றி வகுப்பே எடுத்திருக்கிறார். அவர்கள் ஏன் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள் என்பது இப்போதுதான் புரிந்தது. அது போதாதென்று கூடவே இருந்த தங்கை முத்தக் கதையையும் எடுத்துவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தனக்கு அப்படி ஒரு முத்தம் கிடைத்ததில்லையே என்று அவர் பெருமூச்சு விட்டார்.

அடுத்த நாளிலிருந்து வீட்டில் அண்ணன் தங்கை ராஜ்ஜியம். பழைய சோப்பையெல்லாம் நாத்தனார் ஒளித்து வைத்தாள். புள்ளியக்கா வாசனை பிடித்தே அலமாரிக்குப் பின்னால் ஒன்றைக் கண்டுபிடித்து, பழக்க தோஷத்தில் பாதிக் கையைக் கழுவிவிட்டாள். அதற்கு அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை. கையில் பிசுபிசுப்பு என்றாலே அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். களிம்பு பூசிய முதல் நாள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். வெள்ளைக் கையுறையை மாட்டிவிட்ட கணவர், போக்குவரத்துப் போலீஸ் மாதிரி இருப்பதாகவும், கையைத் தூக்கினால் பஸ்ஸை நிறுத்திவிடத் தோன்றுகிறது என்றும் சொன்னார். பாத்திரம் தேய்க்கும்போது மட்டும் அவருக்குப் பேச்சு வரவில்லை.

கூடத்தில் அவளுக்குப் பதிலாக வேறு ஓர் இடத்திலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார்கள். அவருக்கும் பார்வை இல்லை. மின்னல் என்று பட்டப்பெயர். விரலைத் தாளில் வைத்தது தெரியும், எடுத்தது தெரியாதாம். நாத்தனார் சாயங்காலம் வந்ததும் அவருடைய வேகத்தைப் பற்றிச் சொல்வாள். புள்ளியக்கா அப்படியா என்பாள். நாவல் கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டது என்றும் சொல்வாள். புள்ளியக்கா காதைப் பொத்திக்கொள்வாள். அச்சுப் புத்தகத்தை வாங்கி வந்து தானே படித்துக் காட்டுவதாகக் கணவர் சொன்னபோதுகூட அவள் சம்மதிக்கவில்லை. அடுத்தவர் வாயால் கேட்டால் அது அவர்கள் படித்தது, தான் படித்ததாகாது என்று சொல்லிவிட்டாள்.

வெடிப்புகள் மூடின. சொரசொரப்பு போனது. போர்வையில் விரல் மாட்டாமல் வழுக்கியது. டாக்டர் பார்த்துவிட்டு, இனி தாராளமாகப் படிக்கலாம் என்றார். இதைக் கேட்டதும் ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்திருப்பாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. வீட்டு அலமாரியில் புள்ளிப் புத்தகங்கள் வரிசையாக நிற்கின்றன. அவள் அந்தப் பக்கமே போகவில்லை. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள். படிக்காதவரை விரல் சரியாகியிருக்கும் என்ற நம்பிக்கையாவது மிச்சம் இருக்கும். படித்துப் பார்த்துத் தெரியாமல் போனால்? அப்புறம் எந்தக் களிம்பைப் பூசுவது?

ஒரு நாள் காலை கணவர் சவரத்தை முடித்துவிட்டு அவசர அவசரமாகக் கிளம்பினார். டீ தம்ளரைக் கொடுக்கும்போது அவள் கை தற்செயலாக அவர் தாடையில் பட்டது. பட்ட கை அங்கேயே நின்றது. சுட்டுவிரல் காதின் கீழிருந்து மெதுவாக இறங்கி, தாடையின் வளைவில் வந்து நின்றது.

“இங்க நாலு முடி விட்டுட்டீங்க” என்றாள்.

அவர் தம்ளரை வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு ஓடினார். தலையைச் சாய்த்து, விளக்கைப் போட்டு, தோலை இழுத்துப் பிடித்துத் தேடினார். நாலு முடி சத்தியமாக இருந்தது. மனிதர் முகத்தில் நாலு முடி மிஞ்சியதற்காக இப்படி ஒரு கூத்து எந்த வீட்டிலும் நடந்திருக்காது. தங்கைக்குப் போன் போட்டார். அந்த நாலு முடியையும் மழிக்காமல் பணிமனைக்குப் போய் எல்லாரிடமும் காட்டினார். புள்ளியக்கா அன்றைக்கே வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

கூடத்து வாசலில் கைத்தொட்டியின் அருகே சோப்பு மாறியிருந்தது. வாசனையே இல்லை. பக்கத்தில் களிம்புக் குப்பியும் இருந்தது. மேலாளரின் உயிரை வாங்கி நாத்தனார் செய்த காரியம் அது. உள்ளே எல்லாரும் எழுந்து நின்றார்கள். மின்னல் நாற்காலியை விட்டு விலகி, கடைசி அத்தியாயத்தின் தாள்களைத் தான் படித்துச் சரி சொல்லிவிட்டதாகவும், அக்கா ஒரு தடவை தொட்டுக் கொடுத்தால் அச்சை ஓட்டிவிடலாம் என்றும் சொன்னார். நடுவில் விட்டுப்போன அத்தியாயங்களை நாத்தனார் ஏற்கெனவே அவள் மேஜையில் அடுக்கி வைத்திருந்தாள். நாள் முழுக்க அவற்றைப் படித்து, சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கடைசி அத்தியாயத்துக்கு வந்தாள்.

என்ன ஓட்டம் அது! புள்ளிகள் விரலுக்குள் வந்து விழுந்தன. நாத்தனார் கண்ணால் துரத்தியும் பிடிக்க முடியவில்லை. ஸ்பானர் மெஷினில் சாய்ந்துகொண்டு, தன் பெண்டாட்டியை ஊரே புகழ்வதைக் கேட்கிறவன் போல முகமெல்லாம் பல்லாக நின்றான். பங்களாவில் எல்லாரையும் ஒரே அறையில் கூட்டியாயிற்று; துப்பறிகிறவர் தொண்டையைக் கனைத்தாயிற்று.

விரல் நின்றது.

பின்னால் போனது. மறுபடி வந்தது, மறுபடி அதே இடத்தில் நின்றது. இடக்கை விரலை வைத்துப் பார்த்தாள். அடுத்த வரியை, அடுத்த தாளைப் பார்த்தாள். அதே இடம்தான். பேசாமல் தாண்டிப் படித்துவிடலாம். மின்னலே சரி என்று சொன்ன தாள், யாரும் கேட்கப்போவதில்லை. தன் விரலை நம்புவதா வேண்டாமா என்று அவள் தவித்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். அவளுக்கு அது ஒரு யுகம்.

“தம்பி, கோவிச்சுக்காதே” என்றாள் ஸ்பானரிடம். “மெஷின்ல தப்பு இருக்கு.”

மேலாளர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்பானரின் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. நாத்தனாருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

“எல்லாப் புள்ளியும் இல்ல” என்றாள் புள்ளியக்கா. குரல் நடுங்கியது, விரல் நடுங்கவில்லை. “ஒண்ணே ஒண்ணுதான். வலது ஓரத்துல கடைசி எழுத்து, அதோட கீழ்ப் புள்ளி. எங்கெல்லாம் அந்த இடத்துல புள்ளி வருதோ அங்கெல்லாம் பாதி உயரம்தான் நிக்குது.”

ஸ்பானர் டார்ச்சை எடுத்து வந்தான். விளக்கை அணைக்கச் சொன்னான். தாளுக்குப் பக்கவாட்டில் டார்ச்சை மேஜையோடு மேஜையாகப் படுக்க வைத்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் நீளமாக நிழல் விழுந்தது. அவள் சொன்ன இடத்தில் மட்டும் நிழல் குட்டையாக இருந்தது. அடுத்த தாளை வைத்தார்கள். அதிலும் அதே இடத்தில் குட்டை.

“அக்கா!” என்று ஸ்பானர் போட்ட கூச்சலில் மேலாளர் எழுந்தே விட்டார். “அது நான் பண்ணின தப்புக்கா! மூணாவது தடவை மாட்டும்போது பசி மயக்கத்துல அந்த ஊசியைச் சரியா இறுக்காம விட்டுட்டேன்! ஓட ஓடத் தளர்ந்து, கடைசி அத்தியாயத்துல வந்து இறங்கிடுச்சு!”

தன் தப்பு வெளிப்பட்டதற்காக ஒருவன் இப்படித் துள்ளிக் குதித்து அந்தக் கூடம் பார்த்ததில்லை. மின்னல் வந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை மிக மெதுவாகத் தடவிவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். தான் ஓடிய ஓட்டத்தில் இதை மிதித்துக்கொண்டே போய்விட்டதாகச் சொல்லி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாத்தனார் அண்ணியைக் கட்டிக்கொண்டு, ஒளிவுமறைவில்லாமல் ஓவென்று அழுதாள். மேலாளர் எல்லாருக்கும் டீ சொன்னார். மெஷின் கெட்டுப்போனதற்காக அவர் டீ சொன்னது அதுதான் முதல் தடவை.

ஸ்பானர் பாட்டுப் பாடிக்கொண்டே நாலாவது தடவையாக மெஷினைப் பிரித்தான். புள்ளியக்கா டீ குடித்த கையை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினாள், ஒற்றி எடுத்தாள், ஈரம் காய்வதற்குள் களிம்பை ஒவ்வொரு விரலுக்கும் பூசினாள். பூசி முடித்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. களிம்பு இறங்கும் வரை தாளைத் தொடக் கூடாது. கொலைகாரன் பெயர் அடுத்த தாளில் இருக்கிறது.

பத்து விரலையும் விரித்துக் காற்றில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து நாத்தனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வேண்டுமானால் பழையபடி முத்தம் கொடுத்துப் படித்துவிடலாமே என்றாள். பிறகு, அழுது சிவந்த மூக்கோடு பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“யாருன்னு நான் சொல்லிடட்டுமா அண்ணி?”

“வேண்டாம்” என்றாள் புள்ளியக்கா. “நானே படிச்சுக்குவேன்.”